பத்து ரூபாய் வில்லையும் ஒரு குட்டையின் ஆழமும்: தகவல் உரிமைச் சேவை பற்றிய மதிப்புரை

காசு கொடுத்து நான் பெற்ற சேவைகளுள் விலை மிகக் குறைந்ததும், என்னை மிக நீண்ட நாள் காக்க வைத்ததும் ஒன்றேதான். தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005-இன்கீழ் அரசு அலுவலகத்துக்கு மனு அனுப்பிப் பதில் வாங்குவதைத்தான் சொல்கிறேன். பெருந்துறைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து இதுவரை மூன்று மனுக்கள் அனுப்பியிருக்கிறேன். அவற்றில் ஒன்று முழுதாகப் பலித்தது, ஒன்று பாதி பலித்தது, மற்றொன்று போன வேகத்தில் திரும்பி வந்தது.

கட்டணம் 10 ரூபாய். மனுவின் தலைப்பில் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டினால் போதும். நகல்களுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். ஆவணங்களை நேரில் சென்று பார்வையிடுவதானால் முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமே கிடையாது. பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் தராவிட்டால் மறுத்ததாகவே கருதப்படும் என்பதோடு, பிறகு தரும் நகல்களுக்குக் காசு வாங்கவும் கூடாது. ‘இது உங்களுக்கு எதற்கு’ என்று கேட்கும் உரிமை எந்த அலுவலருக்கும் இல்லை என்பதை 6-ஆவது பிரிவு தெளிவாகவே சொல்கிறது; ஆனாலும் கேட்பார்கள். 2005-க்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1997-இல், தமிழ்நாடு தனக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டத்தை இயற்றியிருந்தது என்பது நம்மில் பலருக்கு நினைவில்லை. ஏட்டளவில் முன்னோடியாக இருந்த ஊரில், நடைமுறையில் பத்து ரூபாய் வில்லை தேடி இரண்டு முத்திரைத்தாள் கடைகள் அலைய வேண்டியிருப்பது சிறிய வேடிக்கைதான்.

முதல் மனு எங்கள் ஊர்க் குட்டையைப் பற்றியது. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் வந்தால் குட்டைக்குத் தண்ணீர் வரும் என்று இரண்டு தலைமுறைகளாகப் பேசிக்கொண்டிருந்த பகுதி எங்களுடையது. (காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானி ஆற்றிலிருந்து நீரேற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 நீர்நிலைகளை நிரப்பும் அந்தத் திட்டம், 2024 ஆகஸ்ட் 17 அன்றுதான் ஒருவழியாகத் தொடங்கி வைக்கப்பட்டது.) ஆகவே 2022-இல் குட்டையைத் தூர்வார இயந்திரம் வந்தபோது ஊரே மகிழ்ந்தது. இயந்திரம் இரண்டு நாள் நின்றது, கரையோரத்துச் சீமைக் கருவேலத்தைச் சாய்த்தது, போய்விட்டது. அடுத்த மழைக்குத் தேங்கிய தண்ணீரில் ஆடுகள் முழங்கால் நனையாமல் நடந்தபோதுதான், தோண்டிய ஆழம் எவ்வளவு என்று கணக்கில் எழுதியிருக்கிறார்கள் என அறிய விரும்பினேன்.

மனு எழுதுவதில் ஒரு நுட்பம் உண்டு. ‘ஏன் ஆழமாகத் தோண்டவில்லை’ என்று கேட்டால், அது தகவல் அல்ல, விளக்கம் என்று சொல்லித் தள்ளிவிடலாம். அலுவலகத்தில் இருக்கும் பதிவைத் தருவதுதான் கடமை, இல்லாத ஒன்றை உருவாக்கித் தருவது கடமையன்று என உச்ச நீதிமன்றமே 2011-இல் கூறியிருக்கிறது. எனவே மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், பட்டியல் (பில்) தொகை வழங்கிய ஆணை ஆகியவற்றின் நகல்கள் வேண்டும் என்று மட்டும் கேட்டேன். இவற்றுள் உயிர்நாடி அளவுப் புத்தகம்தான். ஒப்பந்தக்காரர்கள் அதை ‘எம் புக்’ என்பார்கள். எத்தனை மீட்டர் நீளம், அகலம், ஆழம் என்று பொறியாளர் அதில் எழுதிக் கையொப்பமிட்டால்தான் பணம் நகரும். ஆகவே பொய் எழுதப்பட்டிருந்தால் அது இருக்கும் இடமும் அந்தப் பக்கம்தான்.

இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது. மதிப்பீட்டையும் பணி ஆணையையும் கொடுத்திருந்தார்கள். அளவுப் புத்தகமும் பட்டியலும் ஒப்பந்தக்காரரின் தனிப்பட்ட தகவல் என்று 8(1)(j) பிரிவைக் காட்டி மறுத்திருந்தார்கள். விசாரிக்கப் போனால், “நேர்ல வந்து கேட்டா சொல்ல மாட்டமுங்களா, இதுக்கெதுக்குங்க வில்லையெல்லாம் ஒட்டிக்கிட்டு?” என்று ஒருவர் உண்மையான வருத்தத்தோடு கேட்டார். அந்த வருத்தத்தை நான் சந்தேகிக்கவில்லை. கேட்டால் சொல்வது தயவு, எழுதிக் கேட்டால் கொடுப்பது கடமை என்ற வேறுபாடுதான் அவரைப் புண்படுத்தியது.

முதல் மேல்முறையீட்டில் நான் ஒரேயொரு வரியைத்தான் நம்பினேன். அதே பிரிவின் அடியில் ஒரு காப்புரை (கூடுதல் நிபந்தனை) அன்று இருந்தது: நாடாளுமன்றத்துக்கோ மாநிலச் சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த நபருக்கும் மறுக்கக் கூடாது. எங்கள் தொகுதி உறுப்பினர் அவையில் எழுந்து இந்தக் குட்டையின் அளவுப் புத்தகத்தைக் கேட்டால், ஒப்பந்தக்காரரின் அந்தரங்கம் என்று அமைச்சர் பதில் சொல்ல முடியுமா என்று எழுதினேன். ஆவணத்தைப் பார்வையிட அனுமதிக்கும்படி மேல்முறையீட்டு அலுவலர் ஆணையிட்டார். முதல் மணி நேரம் இலவசம் என்றேன் அல்லவா, எனக்கு இருபது நிமிடமே போதுமானதாக இருந்தது. குட்டையின் பரப்பு முழுவதும் ஒரே ஆழம் எழுதப்பட்டிருந்தது. எந்தக் குட்டையும் அப்படித் தட்டையாக இருப்பதில்லை என்பது ஆடு மேய்த்த எவருக்கும் தெரியும். அந்தப் பக்கத்தின் நகலை அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் படித்தோம்; ஒரு மாதத்துக்குள் இயந்திரம் மறுபடி வந்து நின்றது. இம்முறை ஒன்பது நாள். இதற்காகவே இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

சட்டமன்றத்துக்கும் இதற்கும் உள்ள உறவை இங்கே கொஞ்சம் பேச வேண்டும். அரசு செய்த செலவைக் கேள்வி கேட்கும் முதற்பொறுப்பு அவைக்குத்தான். அதற்காகத்தான் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சி.ஏ.ஜி.) அறிக்கைகள் அரசமைப்பின் 151-ஆவது உறுப்பின்படி ஆளுநர் வழியாக அவையில் வைக்கப்படுகின்றன; பொதுக் கணக்குக் குழு அவற்றை எடுத்துக்கொண்டு துறைச் செயலாளர்களை அழைத்து விசாரிக்கிறது; அமைச்சர்கள் அவையில் தந்த வாக்குறுதிகள் நிறைவேறினவா என்று பார்க்க உறுதிமொழிக் குழு இருக்கிறது. ஏற்பாட்டில் குறையில்லை. ஆனால் அறிக்கை அச்சாகி, அவைக்கு வந்து, குழுவின் மேசையை அடைவதற்குள் அந்தச் செலவு பல ஆண்டுப் பழையதாகிவிடுகிறது. கையொப்பமிட்ட பொறியாளர் இரண்டு முறை மாறுதலாகியிருப்பார். கோடிகளில் பேசும் அறிக்கையில் எங்கள் குட்டைக்கு இடமும் இல்லை. பத்து ரூபாய் மனு அந்த இடைவெளியைத்தான் நிரப்பியது: அவைக்கு உள்ள பார்வையை, குட்டைக்கரையில் நிற்பவனுக்குச் சில மாதங்களில் கடன் கொடுத்தது.

அதனால்தான் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எனக்குப் பெரிய ஏமாற்றம். அதன் 44-ஆவது பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(j)-ஐச் சுருக்கி, தனிப்பட்ட தகவல் என்றாலே விலக்கு என்னும்படி மாற்றியது. நான் நம்பிய காப்புரையும் அதோடு போயிற்று. விலை ஏற்றாமலேயே சரக்கின் எடையைக் குறைப்பது வணிகத்தில் நாம் அறிந்த வித்தைதான். பொதுநலன் மேலோங்கினால் விலக்குள்ள தகவலையும் தரலாம் என்னும் 8(2) இன்னும் இருக்கிறது. இனி மனு போடுகிறவர்கள் பொதுநலன் என்ன என்பதைத் தொடக்கத்திலேயே இரண்டு வரி எழுதிவிடுவது நல்லது; காரணம் சொல்லத் தேவையில்லை என்று 6-ஆவது பிரிவு தந்த சலுகை, நடைமுறையில் இவ்வாறு தேய்கிறது.

திரும்பி வந்த மனு பால் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றியது. அதில் தவறு என்னுடையது. அரசு கணிசமாக நிதி தராத கூட்டுறவுச் சங்கங்கள் இச்சட்டத்துக்குள் வாரா என்று 2013-இல் கேரளத்துத் தலப்பலம் வங்கி வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. சங்கத்திடமிருந்து சட்டப்படி கூட்டுறவுச் சங்கப் பதிவாளர் பெறக்கூடிய தகவல்களைப் பதிவாளரிடம் கேட்கலாம் என்பதும் அதே தீர்ப்பில் உள்ளது. கொங்குப் பகுதியில் பாலும் தறியும் சங்கங்களை நம்பியே நடப்பதால், இதை அறிந்துகொண்டு மனு போடுவது ஒரு வில்லையை மிச்சப்படுத்தும்.

பாதி பலித்த மனுவில்தான் சேவையின் மிக மோசமான பகுதியைக் கண்டேன். ஓர் அலுவலகத்தின் கணக்குகளில் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை எழுப்பிய தடைகளையும் (ஆட்சேபங்களையும்), அவற்றுக்கு அலுவலகம் தந்த பதில்களையும் கேட்டிருந்தேன். மிக நல்ல கேள்வி அது என்று இப்போதும் நினைக்கிறேன். குறையைத் தேடும் வேலையைத் தணிக்கையாளரே முடித்து வைத்திருப்பதால், நமக்கு வேண்டியது நகல் மட்டுமே. முப்பது நாளில் பதில் இல்லை. முதல் மேல்முறையீட்டுக்கும் பதில் இல்லை. மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு அனுப்பினேன். முதலிரண்டு கட்டங்களுக்கு நாள் கணக்கு வைத்த சட்டம், ஆணையம் எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்பதற்கு எந்தக் கணக்கும் வைக்கவில்லை. ஓராண்டுக்கு மேல் கழித்து அழைப்பு வந்தது.

நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து தண்டம் விதிக்க 20-ஆவது பிரிவு இடம் தருகிறது. அந்த அச்சம் ஒன்றுதான் முழு ஏற்பாட்டையும் தாங்கி நிற்கும் கால். என் வழக்கில் தகவலை இலவசமாகத் தரும்படி ஆணை பிறந்தது, தண்டம் இல்லை. மனுவே தங்களுக்கு வந்து சேரவில்லை என்று அலுவலகத் தரப்பில் சொன்னார்கள். அனுப்பியதற்குச் சான்றாக நான் பத்திரமாக வைத்திருந்த தபால் ரசீதை உறையிலிருந்து எடுத்து நீட்டினேன். வெப்பத்தில் அச்சாகும் அந்தக் காகிதத்தில் ஓராண்டுக்குப் பிறகு ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை.