டிசியா, டிசிசியா: ஒரே மேசையில் இரண்டு இன்ஜின்கள்

கோலாலம்பூரின் செந்தூலில் உள்ள அடுக்குமாடி வீட்டில் எனக்கு வாய்த்தது ஆறடிக்கு இரண்டரை அடி மேசை. அதில் மாடல் ரயிலுக்கான தண்டவாளம்; N ஸ்கேல் என்ற சிறிய அளவு, 9 மில்லிமீட்டர் அகலம். ஒரு வட்டம், நடுவே ஒரு லூப் (பிரிந்து மறுபடி சேரும் பாதை), இரண்டு சைடிங் (ஓரமாக வண்டி நிறுத்தும் பாதை). முதலில் டிசியில் (DC, சாதாரண நேர்மின்சாரம்) ஓட்டினேன், பிறகு டிசிசிக்கு (DCC, டிஜிட்டல் கட்டளை முறை) மாறினேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எதை வாங்குவது என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாலை நினைவுக்கு வரும்.

அப்பா மலேசிய ரயில்வேயான கேடிஎம்மில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வட்டத்தில் பெட்டிகளோடு ஒரு டீசல், சைடிங்கில் இன்னொன்று. "அதை மெல்லக் கொண்டு வந்து முன்னாடி மாட்டுப்பா" என்றார். பாதை பிரியும் டர்னவுட்டைத் திருப்பி, வேகம் கூட்டும் த்ரோட்டிலைத் தொட்டேன். சைடிங் இன்ஜின் நகர்ந்தது; கூடவே, நிற்க வேண்டிய ரயிலும் கிளம்பியது. "ரெண்டுக்கும் ஒரே டிரைவரா?" என்று அப்பா கேட்டார்.

டிசியின் இயல்பே அதுதான். பவர் பேக் 0 முதல் 12 வோல்ட் வரை தண்டவாளத்துக்குக் கொடுக்கிறது. வோல்ட் ஏறினால் வேகம்; பாசிட்டிவும் நெகட்டிவும் இடம் மாறினால் ரிவர்ஸ். அந்தத் தண்டவாளத்தில் எத்தனை இன்ஜின் நின்றாலும் அத்தனைக்கும் ஒரே கட்டளை. தனித்தனியாக ஓட்ட வேண்டுமானால் தண்டவாளத்தைப் பகுதிகளாக வெட்டி, மின்சாரம் கடத்தாத பிளாஸ்டிக் ஜாய்னர் போட்டு இணைத்து, பகுதிக்கு ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும். அப்போது அப்பா கேட்டதைச் செய்யலாம். ஆனால் இன்ஜின்கள் எங்கே சேரும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்து, அங்கே வெட்டு போட்டிருக்க வேண்டும்.

டிசிசியில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். அது திசை மாறி மாறி ஓடும் சதுர அலை. அதற்குள்ளேயே செய்தியும் போகிறது. அலையின் அரைப்பகுதி 58 மைக்ரோ செகண்ட் நீடித்தால் 1, சுமார் 100 என்றால் 0. இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. புது டிகோடரின் எண் 3. நீள முகவரி என்ற பெரிய எண் 10239 வரை போவதால், இன்ஜின் பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணையே பெரும்பாலும் வைத்துவிடலாம். டிகோடருக்குள் நாம் மாற்றக்கூடிய அமைப்புகளுக்கு சிவி (CV) என்று பெயர்: சிவி 2 கிளம்பும் வோல்ட், சிவி 3 வேகம் ஏறும் நிதானம், சிவி 4 இறங்கும் நிதானம். இவற்றைக் கூட்டியபின் ரயில் சட்டென்று தாவாமல், கனமான வண்டியைப் போலப் புறப்படுகிறது. எனக்கு டிசிசியின் உண்மையான ருசி இங்கேதான். இரண்டு இன்ஜினின் வேகத்தையும் ஒத்துப்போக வைத்து ஒரே ரயிலை இழுக்கச் செய்வது அதற்கு அடுத்ததுதான்.

ஆனாலும் டிசியை எளிதாக ஒதுக்க மாட்டேன். இரண்டு ஒயரோடு வேலை முடிந்தது. கேட்டோ (Kato) என்ற ஜப்பானிய நிறுவனத்தின் 6 எண் டர்னவுட் திரும்பிய பக்கத்துக்கு மட்டும் மின்சாரம் விடுவதால், டிசியில் சைடிங் இன்ஜின் சுவிட்ச் இல்லாமலே நிற்கும். டிசிசியில் அதே சைடிங்கில் விளக்கு அணைந்துவிடும். அதற்கு மின்சாரம் கொடுக்கத் தனி ஃபீடர் ஒயர் இழுக்க வேண்டியிருந்தது. பழைய N ஸ்கேல் இன்ஜின்களில் டிகோடருக்கு இடமே கிடையாது, உள்ளிருக்கும் உலோகச் சட்டத்தைச் செதுக்க வேண்டும். ஐந்தாறு இன்ஜின் இருந்தால் டிகோடர் செலவே ஒரு புது இன்ஜினை விழுங்கும்.

நம் ஊர் ஈரக்காற்று இரண்டையும் படுத்தும். டிசியில் அழுக்கு இடத்தில் இன்ஜின் ஒரு திணறு திணறிப் போகும். டிசிசியில் மின்சாரம் ஒரு கணம் அறுந்தாலும் டிகோடர் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். ஒலி எழுப்பும் டிகோடர் உள்ள இன்ஜினில் இது கொடுமை. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் அடிக்கடி துடைக்கிறேன்.

ஜப்பானிலிருந்து பவர் பேக் வரவழைப்பவர்கள் அடாப்டரின் அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 100 வோல்ட் மட்டும் என்றிருந்தால் நம் சுவர் பிளக்கில் செருகவே கூடாது. நடுவில் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

டிசிசி விலைதான் தடை என்றால், நாமே சேர்த்துக் கட்டும் டிசிசி-இஎக்ஸ் இருக்கிறது: ஆர்டுயினோ மெகா என்ற சிறு கணினிப் பலகை, தண்டவாளத்துக்கு மின்சாரம் விடும் மோட்டார் ஷீல்ட், இலவச மென்பொருள். வைஃபை பலகை சேர்த்தால் கைப்பேசியே த்ரோட்டில். ஒயரும் சுவிட்சும் ஜாலான் பாசார் கடைகளில் பொறுக்கிக்கொள்ளலாம். பேட்டரியும் ரேடியோவும் வைத்து ஓட்டுவது பெரிய தோட்ட ரயிலுக்குச் சரி. N ஸ்கேலுக்குள் அடங்காது.

என் தீர்ப்பு: ஓடும் ரயிலைப் பார்த்து மகிழ்கிறவருக்கு டிசி போதும், மிச்சமாகும் பணத்தில் பெட்டிகள் வாங்கலாம். டிரைவராக உட்கார்ந்து ஷண்டிங் (வண்டிகளைச் சேர்த்தும் பிரித்தும் நகர்த்துவது) செய்ய ஆசைப்படுகிறவருக்கு டிசிசி, இரண்டே இன்ஜின் என்றாலும்.

நான் இரண்டையும் வைத்திருக்கிறேன். நடுவில் ஆஃப் நிலை உள்ள, இரண்டு ஒயரையும் ஒருசேர மாற்றும் டிபிடிடி (DPDT) சுவிட்ச் ஒன்று மேசையை டிசிக்கோ டிசிசிக்கோ மாற்றும்; இரண்டும் ஒரே நேரத்தில் தண்டவாளத்தைத் தொடவே முடியாது. டிசிசிக்குத் தள்ளுமுன் டிகோடர் இல்லாத இன்ஜின்களைக் கையால் எடுத்துவிடுகிறேன். அந்த அலையில் நின்றால் மோட்டார் ரீங்கரித்துச் சூடேறும். இரும்புக் கரு இல்லாத கோர்லெஸ் மோட்டாராக இருந்தால் சீக்கிரமே கருகிவிடும்.