ஷோப்பி, யூடியூப், கிண்டில்: வீட்டு முறுக்குக் கடைக்கு எது முதலில்?

கோலாலம்பூரின் செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வேலைக்குப் போய்க்கொண்டே வீட்டில் முறுக்கு சுட்டு விற்பவர்கள் அடுத்ததாகக் கை வைப்பது இந்த மூன்றில்தான்: ஷோப்பி இணையச் சந்தை, யூடியூப், அமேசானின் கிண்டில் மின்னூல். வாரத்துக்குப் பத்து மணி நேரம்தான் கிடைக்கும் என்ற கணக்கில் எடைபோட்டிருக்கிறோம். ஷோப்பி முதலில், அது நிலைத்தபின் யூடியூப். கிண்டிலை இப்போதைக்குத் தொடவேண்டாம்.

ஷோப்பியில் காசு சீக்கிரம் கண்ணில் படும், கழுத்தைப் பிடிப்பதும் அதுதான். அனுப்பும் நாள் தவறினாலோ, சரக்கில்லாமல் ஆர்டர் ரத்தானாலோ பெனால்டி புள்ளி ஏறும். பெரும்பாலோர் மாட்டுவது சரக்குக் கணக்கில். கையில் இருபது டப்பா. ஷோப்பியிலும் இருபது, வாட்ஸ்அப் குழுவிலும் இருபது. தீபாவளிக்கு முந்தைய வாரம் இரண்டு பக்கமும் ஒரே ராத்திரியில் தீர்ந்தால் யாருக்குக் கொடுப்பது? பன்னிரண்டு அங்கே, எட்டு இங்கே என்று முதலிலேயே பிரித்து வையுங்கள். விடுமுறை பட்டனைத் தட்டினாலும் ஏற்கெனவே விழுந்த ஆர்டரை அனுப்பியே ஆகவேண்டும்.

ரேட்டிங்கைக் குறைப்பது உடைந்த முறுக்கு. அது நொறுங்குவது பெரும்பாலும் டப்பாவுக்குள்ளேயே: மேலே ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் வழியெல்லாம் துள்ளிக்கொண்டே போகும். பேக்கிங் தாளை மடித்து வாய்வரை அடைத்து மூடுங்கள், வெளியே பபிள் ராப் இரண்டு சுற்று. கட்டிய பெட்டியைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். சத்தம் வந்தால் பிரித்துத் திரும்பக் கட்டவேண்டியதுதான். லேபிளில் தமிழ் மட்டும் போதாது, மலேசியாவின் 1985 உணவு விதிமுறைகளின்படி மலாயும் வேண்டும்.

விலையைக் கட்டண அட்டவணை பார்த்துப் போடாதீர்கள், ஏதாவது ஒன்று விட்டுப்போகும். முடிந்த ஆர்டர் ஒன்றைத் திறந்து, கைக்கு வந்தது எத்தனை வெள்ளி என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

யூடியூப் மெதுவான மாடு. விளம்பரக் காசுக்கு 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். 500 பேர், 3,000 மணி என்ற கீழ்ப்படியில் விளம்பரப் பங்கு கிடையாது. நீள வீடியோவின் விளம்பர வருமானத்தில் 55 விழுக்காடு உங்களுக்கு. ஆனால் முறுக்கு பிழிவதைத்தான் படமெடுக்கப் போகிறீர்கள் என்றால் இதற்குத் தனி உழைப்பு அதிகமில்லை, இரண்டாவது இடம் தந்தது அதனால்தான். சேர்ந்த வருமானம் 10 டாலர் தொட்டதும், விளம்பரக் காசைக் கொடுக்கும் கூகுளின் ஆட்சென்ஸ் உங்கள் முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் பின் எண் அனுப்பும். காண்டோவில் இருப்பவர்கள் யூனிட் எண்ணை மறக்காமல் போடுங்கள், இல்லாவிட்டால் கடிதம் கார்டு ஹவுசிலேயே தூங்கும். அமெரிக்க வரிப் படிவத்தைத் தள்ளிப்போட்டால் மொத்த வருமானத்திலும் 24 விழுக்காடு வரை பிடிக்கலாம். கொடுத்துவிட்டால் அமெரிக்கப் பார்வையாளர் மூலம் வந்ததில் மட்டும் 30. மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் அதைக் குறைக்கும் வரி ஒப்பந்தம் இல்லை.

கிண்டிலில் தமிழ் மின்னூல் போடலாம், பலகாரக் குறிப்புகளைத் தொகுத்து விற்க ஆசை வருவது இயல்பு. சிக்கல் இந்தியச் சந்தையில். அங்கே 70 விழுக்காடு ராயல்டி வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்ற அமேசானின் தனியுரிமைத் திட்டத்தில் சேரவேண்டும். சேர்ந்தால் 90 நாளைக்கு அதே நூலின் மின்பிரதியை வேறெங்கும் விற்கக்கூடாது. வாட்ஸ்அப்பில் பத்து வெள்ளிக்கு பிடிஎஃப் விற்றுக்கொண்டிருந்தால் அதை நிறுத்தவேண்டும். தமிழ் வாசகரில் பெரும்பகுதி இந்தியாவில் இருக்க, மீதிச் சந்தைக்காக மெனக்கெடுவது வீண்.

புதியதைத் திறக்க எங்கள் அளவுகோல்: ஷோப்பி எட்டு வாரம் ஒரு பெனால்டி புள்ளியும் இல்லாமல், வாரம் நான்கு மணி நேரத்துக்குள் ஓடவேண்டும். அதுவரை சேனல் பெயரைக்கூட யோசிக்கவேண்டாம்.

தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவு வேண்டும்: சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயரில் 60. பதிந்த நாளிலிருந்தே எண்ணெய், மாவு, பபிள் ராப் ரசீதுகளை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள், வருமான வரிக்கு பாரம் பி நிரப்பும்போது செலவுக்குச் சாட்சி அவைதான்.