ப்ரைம்95: பகா எண் சிக்காவிட்டாலும் ஓட்டிப் பார்க்கலாம்

பெரிய பகா எண் தேடுகிறவர்களுக்கான இலவச மென்பொருள் ப்ரைம்95. பல தன்னார்வலர்களின் கணினிகளைச் சேர்த்து இப்படிப்பட்ட எண்களைத் தேட ஜார்ஜ் வோல்ட்மன் 1996-ல் தொடங்கிய ஜிம்ப்ஸ் திட்டத்தோடு சேர்ந்தது. முகப்பு இன்னும் பழைய விண்டோஸ் காலத்திலேயே நிற்கிறது, அதை விடுங்கள். நிறுவியதும் சர்வர் ஒரு எண்ணை ஒதுக்கும், அப்புறம் அது பாட்டுக்கு ஓடும்.

எனக்குப் பிடித்தது அது எண்ணைச் சலிக்கிற விதம். 2-இன் அடுக்கிலிருந்து 1 கழித்தால் வரும் மெர்சென் எண்கள்தான் இலக்கு. அடுக்கு பகா எண்ணாக இருந்தே ஆக வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. அடுக்கு 11 என்றால் 2047 வரும், அது 23 × 89. அந்த இரண்டு காரணிகளையும் கவனியுங்கள், 22-இன் மடங்கோடு ஒன்று கூட்டியவை. காரணி என்று ஒன்று இருந்தால் அடுக்கின் இரு மடங்கை வைத்து இப்படித்தான் அமையும் என்பதால், மற்ற எண்களால் வகுத்துப் பார்க்காமலேயே நிறைய மெர்சென் எண்களைக் கழித்துக்கட்டிவிடலாம்.

மிஞ்சியதற்குத்தான் நீண்ட சோதனை. மெர்சென் எண் பகா எண்தானா என்று பார்க்கும் லூகாஸ்-லேமர் முறையை 31-க்குக் (2-இன் அடுக்கு 5, கழித்தல் 1) கையாலேயே போடலாம்: 4-இல் தொடங்கி, வர்க்கம் எடுத்து, 2 கழித்து, 31-ஆல் வகுத்த மீதியை வைத்துக்கொண்டே போனால் 4, 14, 8, 0. பூஜ்யம் வந்துவிட்டது, ஆகவே 31 பகா எண். அடுக்கு 5 என்பதால் மூன்றே சுற்று, அடுக்கு பத்து கோடி என்றால் கிட்டத்தட்ட பத்து கோடிச் சுற்று. இப்போதைய பதிப்புகள் முதலில், பகா எண்ணாக இருக்க வாய்ப்புண்டா என்று பார்க்கும் பெர்மா வகைச் சோதனையைத்தான் ஓட்டுகின்றன, அதில் கணக்கு நடுவே பிசகினால் பிடித்துவிடும் கெர்பிட்ஸ் சரிபார்ப்பும் உண்டு, அது அருமையான ஏற்பாடு.

கடைசியில் கையில் கிடைப்பது ஒரு வரி. பகு எண் என்று சொல்லி, சோதனை முடிவில் வந்த மீதியின் கடைசி 16 ஹெக்ஸ் (பதினாறு அடிமான) இலக்கங்களைக் காட்டும். காரணி என்னவென்று சொல்லாது, ஏனென்றால் அதற்கே தெரியாது! சிலருக்கு இது ஏமாற்றம், எனக்கு இதுதான் சுவாரஸ்யமே.

குறைகளும் உண்டு. மடிக்கணினி கொதிக்கும், விசிறி அலறும், வேலை செய்யும் கோர்களை (செயலியின் உட்பிரிவுகளை) குறைத்துக்கொள்ளுங்கள். பகா எண் சிக்கும் வாய்ப்போ மிக மிகக் குறைவு. 2024 அக்டோபரில் லூக் டூரன்ட் கண்டுபிடித்தது 52-ஆவது மெர்சென் பகா எண், அடுக்கு 13,62,79,841, எழுதினால் 4,10,24,320 இலக்கங்கள், இரும முறையிலோ வெறும் 1 மட்டும் வரிசையாக. அது பல நாடுகளில் வாடகைக்கு எடுத்த ஜிபியுக்களில் (கிராபிக்ஸ் சிப்களில்) கிடைத்தது, சாதாரண வீட்டுக் கணினியில் இல்லை. ஆகவே சாதனைதான் வேண்டும் என்றால் நல்ல ஜிபியு வைத்திருப்பவர்கள் அதற்கான நிரலுக்குப் போங்கள்.

கணினியைச் சோதிக்க மட்டும் வேண்டுமென்றால் செயலியை முழு வேகத்தில் கசக்கிப் பார்க்கும் இதன் டார்ச்சர் டெஸ்ட் போதும், இன்டெலின் ஸ்கைலேக் சிப்பில் இருந்த ஒரு பிழையே 2016-ல் இதை ஓட்டியபோதுதான் வெளியே வந்தது.