"68/4500, 1,200 ஷாட்" என்று யாராவது பெயின்ட்பால் டாங்க் விற்றால், முதலில் உறையைக் கழற்றச் சொல்லுங்கள்

அமெரிக்காவில் பழைய பெயின்ட்பால் (காற்றழுத்தத்தில் சாயக் குண்டு சுடும் விளையாட்டு) சாமான் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு. அண்மையில் கைமாறிய ஒரு காற்று டாங்க்கைப் பற்றிய பதிவு இது. விற்றவர் எழுதியிருந்தது: "68/4500. ஹைட்ரோ இருக்கிறது. ஒரு ஃபில்லுக்கு 1,200 ஷாட்." அதாவது கொள்ளளவு 68 கன அங்குலம், தாங்கும் அழுத்தம் 4500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), நீரழுத்தச் சோதனை காலாவதியாகவில்லை, ஒரு முறை நிரப்பினால் 1,200 குண்டு சுடலாம். படத்தில் தடித்த நியோப்ரீன் உறை, பளபளக்கும் ரெகுலேட்டர் (டாங்க் அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் தலைப்பகுதி), 5,000 வரை எண் போட்ட கேஜ். வாங்கியவர் மைதானத்தில் நிரப்பக் கொடுத்தார். அங்கே வேலை பார்ப்பவர் உறையை இறக்கிப் பார்த்துவிட்டு நிரப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

உறைக்குள் கார்பன் ஃபைபர் இல்லை. 48 கன அங்குல அலுமினிய பாட்டில். தோளில் டிஓடி-3ஏஎல்3000 என்று பொறித்திருந்தது: அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் 3ஏஎல் தரம், வேலை அழுத்தம் 3000 பிஎஸ்ஐ. கடைசி ஹைட்ரோ முத்திரைக்கு ஐந்து வருடம் எப்போதோ கடந்துவிட்டது. 4500 ரெகுலேட்டரை யாரோ பின்னால் மாட்டியிருக்கிறார்கள். விற்றவரைக் கேட்டால், "ரெகுலேட்டர் 4500தானே, அதைத்தான் எழுதினேன்" என்கிறார். பணம் திரும்பவில்லை.

காசு போனது இதில் சின்ன விஷயம். 3ஏஎல் பாட்டிலின் சோதனை அழுத்தம் அதன் வேலை அழுத்தத்தில் மூன்றில் ஐந்து பங்கு. அதாவது 3000 பாட்டிலுக்கு 5000 பிஎஸ்ஐ. அதனால்தான் 3000 ரெகுலேட்டரின் உயர் அழுத்தப் பக்கத்தில் 5,000 பிஎஸ்ஐ பர்ஸ்ட் டிஸ்க் (அழுத்தம் மீறினால் கிழிந்து காற்றை வெளியே விடும் தகடு) இருக்கும். 4500 ரெகுலேட்டரில் இருப்பது 7,500 டிஸ்க். அதை அலுமினிய பாட்டிலில் மாட்டினால், பாட்டிலைக் காப்பாற்ற வேண்டிய டிஸ்க் பாட்டிலின் சோதனை அழுத்தத்தைத் தாண்டிய பிறகும் சும்மா உட்கார்ந்திருக்கும். கேஜை நம்பி யாராவது 4500 வரை நிரப்பினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மைதானத்து ஆள் மறுத்தது சரி.

இப்போது அந்த 1,200 ஷாட். உண்மையான 68/4500 ஆகவே இருந்திருந்தாலும் அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. டாங்க்கில் உள்ள காற்று முழுவதும் குண்டைத் தள்ளப் பயன்படாது. சாதாரண ரெகுலேட்டர் மார்க்கருக்கு (குண்டு சுடும் துப்பாக்கிக்கு) கொடுப்பது சுமார் 800 பிஎஸ்ஐ. டாங்க் அழுத்தம் அதற்குக் கீழே இறங்கியதும் வேகம் சரியத் தொடங்கும், குண்டு பாதி வழியில் விழும். ஆகவே கணக்கு இப்படிப் போட வேண்டும்: நிரப்பிய அழுத்தத்திலிருந்து 800-ஐக் கழித்து, கன அங்குலத்தால் பெருக்கி, ஒரு ஷாட்டுக்கான செலவால் வகுக்க வேண்டும். .68 அங்குலக் குண்டை வினாடிக்கு 280 அடி வேகத்தில் சுடும் நடுத்தர மார்க்கருக்கு அந்தச் செலவை (பிஎஸ்ஐ பெருக்கல் கன அங்குலம்) 240 என்று வைத்துக்கொள்ளலாம்.

48/3000: 2200 பெருக்கல் 48, வகுத்தல் 240, 440 ஷாட். 13/3000 என்றால் 120-ஐ ஒட்டி. 68/4500-க்கு இதே கணக்கு 1,050 என்று காட்டும். ஆனால் 4500-ல் காற்று பாயில் விதிக்கு (அழுத்தம் இருமடங்கானால் அடைபடும் காற்றும் இருமடங்கு) முழுசாகக் கட்டுப்படாது. அந்த அழுத்தத்தில் அடைபடும் காற்று விதி சொல்வதைவிடக் குறைவு. சுமார் பத்து சதவீதம் கழித்தால் நிற்பது 940 பக்கம். மார்க்கர் மேலுள்ள குண்டுப் பெட்டியான ஹாப்பரில் 200, இடுப்பில் 140 குண்டு பிடிக்கும் பாட் ஐந்து. அவ்வளவுதான் ஒரு ஃபில். காற்றைச் சிக்கனமாகச் செலவழிக்கும் மார்க்கரில் 1,200 வரலாம், பொய்யில்லை. ஆனால் அது மார்க்கரின் எண்ணிக்கை, டாங்க்கின் எண்ணிக்கை அல்ல. எந்த மார்க்கர், எத்தனை அடி வேகம், எந்த அழுத்தத்தில் தொடங்கி எதில் நிறுத்தினீர்கள் என்று கேளுங்கள். பதில் வராது. வேகம் அளக்கும் கருவியான கிரானோவில் சரிபார்க்காமல் 200 அடி வேகத்தில் சுட்டு எண்ணினால் எந்த டாங்க்கும் பெரிய டாங்க்தான்.

மைதானத்திலும் ஒரு ஏமாற்று நடக்கிறது. "நாள் முழுக்க காற்று" என்று கட்டணம் வாங்குவார்கள். ஃபில் ஸ்டேஷனை 3000-க்கு மேல் திறக்க மாட்டார்கள். 68/4500 டாங்க்கில் 3000 மட்டும் ஏற்றினால் கிடைப்பது 620 ஷாட். வேறு இடங்களில் காலையில் 4500 கிடைக்கும், மதியத்துக்குள் சேமிப்பு சிலிண்டர்கள் 3500-க்கு இறங்கிவிடும், கம்ப்ரெஸர் ஈடுகொடுக்காது. வரிசையில் கடைசியில் நிற்பவருக்கு அந்த 3500தான். பணம் கட்டுமுன் "இங்கே எத்தனை பிஎஸ்ஐ வரை, சாயங்காலமும் அதே அளவா" என்று கேட்டுவிடுங்கள். வாடகை டாங்க் 48/3000 என்றால் இழப்பு இன்னும் உறுத்தும். 2500-ல் நிறுத்தினால் அழுத்தத்தில் ஆறில் ஒரு பங்குதான் குறைந்த மாதிரி தெரியும், ஷாட்டிலோ 440-இலிருந்து 340-க்கு வந்து நிற்கும். அடியில் கிடக்கும் 800 எப்படியும் உதவாது என்பதால் குறைவதெல்லாம் உதவுகிற பங்கில்தான் குறையும்.

அவசரமாக நிரப்புவதும் இதே நஷ்டம்தான். ஐந்தாறு வினாடியில் அடைத்தால் காற்று சூடாகி கேஜ் 4500 காட்டும். ஆறியதும் 4000 பக்கம் வந்து நிற்கும். அரை நிமிடமாவது எடுத்து மெதுவாக நிரப்பச் சொல்லுங்கள். பாட்டில் கையில் சுடுகிறது என்றால் ஆறவிட்டு மறுபடி கொஞ்சம் ஏற்றச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. டாங்க்கில் உள்ள குட்டி கேஜ் தோராயம்தான். ஸ்டேஷன் கேஜைப் பாருங்கள்.

பழையது வாங்கும்போது பார்க்க வேண்டியதில் முதலாவது, உறையில்லாத பாட்டிலின் படம். கார்பன் ஃபைபர் என்றால் பிசினுக்கு அடியில் ஒட்டிய லேபிளில் வேலை அழுத்தமும் தயாரித்த மாதம், வருடமும் இருக்கும். அலுமினியத்தில் எல்லாம் தோளில் குத்தியிருக்கும். அலுமினியத்துக்கு ஹைட்ரோ ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. கார்பன் ஃபைபருக்கு அதன் அனுமதியைப் பொறுத்து மூன்று அல்லது ஐந்து. ஆனால் பெரும்பாலான கார்பன் ஃபைபர் பாட்டிலுக்குத் தயாரித்த நாளிலிருந்து 15 வருடம்தான் ஆயுள். பதினான்காம் வருடத்தில் "ஹைட்ரோ இருக்கிறது" என்று விற்பது இங்கே சகஜம். ஹைட்ரோ இருக்கும்தான், டாங்க் இருக்காது. நார் பிரிந்து நிற்கிற ஆழமான கீறலோ வெட்டோ இருந்தால் பேரம் பேசவே வேண்டாம்.

அடுத்து ரெகுலேட்டர். வெளியீடு 800-ஆ, 450-ஆ, 300-ஆ? குறைந்த அழுத்த ரெகுலேட்டரை டிப்மன் 98 போன்ற மெக்கானிக்கல் மார்க்கரில் போட்டால் வேகம் வராது, போல்ட் சரியாகப் பின்னால் வந்து மாட்டாது. டாங்க் மேல் குற்றமில்லை. ஆனால் உங்களுக்குப் பயன்படாது.

கசிவைப் பார்க்க சோப்புத் தண்ணீர் போதும். ஃபில் நிப்பிள், கேஜ் அடி, இரண்டு பர்ஸ்ட் டிஸ்க், ரெகுலேட்டரும் பாட்டிலும் சேரும் கழுத்து ஆகிய இடங்களில் தடவுங்கள். மார்க்கரில் மாட்டும்போது மட்டும் சீறினால் பெரும்பாலும் முனையிலுள்ள 015 ஓ-ரிங்தான். அதைச் சில்லறைக் காசுக்கு மாற்றலாம், அதைக் காட்டி டாங்க்கைப் பழி சொல்ல வேண்டாம். ஃபில் நிப்பிளில் எண்ணெய் மட்டும் விடாதீர்கள். உயர் அழுத்தக் காற்று பாயும்போது பெட்ரோலிய எண்ணெய் டீசல் இன்ஜினில் போல தானே பற்றிக்கொள்ளும்.

இப்படி மாட்டிய டாங்க் உங்கள் கையில் வந்திருந்தால் எங்கேயும் நிரப்பாதீர்கள். உள்ளே காற்று இருக்கும்போது ரெகுலேட்டரைத் திருகிக் கழற்றவும் கூடாது. பாட்டில் தோளிலுள்ள முத்திரை, ரெகுலேட்டர், பர்ஸ்ட் டிஸ்க்கின் எண், விற்றவரின் விளம்பரம் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பணம் செலுத்திய நிறுவனத்தில் "விவரித்த பொருள் அல்ல" என்று புகார் கொடுங்கள். புகாருக்குக் காலக்கெடு உண்டு, சீசன் தொடங்கட்டும் பார்க்கலாம் என்று அலமாரியில் வைக்காதீர்கள். பாட்டிலைக் காப்பாற்ற நினைத்தால் டிஓடி அனுமதி பெற்ற சோதனைக் கூடத்தில் கொடுத்து ஹைட்ரோ செய்யுங்கள். அது தேறினால் 3000 ரெகுலேட்டரை அவர்களையே மாட்டச் சொல்லுங்கள். 440 ஷாட்டுக்கு அந்தச் செலவு கட்டுபடியாகுமா என்பதை முதலில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.