அஞ்சு வருஷ லேப்டாப், அதுல ரெண்டே முக்கால் வருஷமா என் இடது கைக்குக் கீழ ஒரு மேடு

மாடி வீட்டு அக்கா பையனோட லேப்டாப் சார்ஜ் ஏறலையாம். "நீ அன்னைக்கு மெயின் ரோடு கடைல தானே குடுத்த, எப்படிம்மா, நம்பிக் குடுக்கலாமா"ன்னு நேத்து படிக்கட்டுல வெச்சு கேட்டாங்க. ஒரு வார்த்தைல பதில் சொல்ல முடியல எனக்கு. நல்லா பண்ணாங்களான்னா ஆமா நல்லா பண்ணாங்க, குடுக்கலாமான்னா குடுக்காதீங்க. ரெண்டும் எப்படி ஒண்ணா வரும்னு அவங்க பாத்த பார்வைக்குத் தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

முதல்ல லேப்டாப் பத்தி. 2020 ஆகஸ்ட்ல வாங்கினது, ஐ5 பத்தாவது ஜெனரேஷன், 15.6 இன்ச், சைடுல நம்பர் பேட் உள்ளது. நான் வீட்ல இருந்தே சின்ன கடைங்களுக்குக் கணக்கு எழுதறேன், டாலிங்கற கணக்கு சாஃப்ட்வேர், எக்செல், ஜிஎஸ்டி போர்ட்டல், இது மூணு தான் என் வேலை, அதுக்கு இது இன்னிக்கும் சும்மா பறக்குது. 2021ல ரேம் 16 ஜிபி ஆக்கினேன், அவ்ளோதான் செலவு. 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிஞ்சப்ப எல்லாரும் பயந்தாங்க, பத்தாவது ஜெனரேஷன்ங்கறதால இதுல 11 எந்தத் தொல்லையும் இல்லாம ஏறிடுச்சு. மெஷின் மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது.

2023 மார்ச்ல தான் சார்ஜிங் ஜாக், அதான் சார்ஜர் பின் சொருகற எடம், ஆட ஆரம்பிச்சுது. வயரை மேல தூக்கிப் பிடிச்சா ஏறும், விட்டா நின்னுடும், அடியில ஒரு புக்கு வெச்சு ஓட்டிட்டிருந்தேன். மாசம் 11ந்தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-1ங்கற விற்பனை ரிட்டர்ன் போடணும், 20க்குள்ள 3பிங்கற வரி கட்டற ரிட்டர்ன் போடணும், அதனால 10ந்தேதியே ஜிஎஸ்டிஆர்-1ஐ முடிச்சுட்டு 11ந்தேதி சனிக்கிழமை காலைல குடுத்தா ஒரே நாள்ல வந்துடும்னு கணக்குப் போட்டு அந்தக் கடைல குடுத்தேன். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர்ல பெரிய பெரிய கம்பெனி லோகோ எல்லாம் ஒட்டியிருந்தது. ரசீது எதுவும் தரல, ஒரு மஞ்சள் ஸ்டிக்கர்ல என் பேரும் நம்பரும் எழுதி மூடி மேல ஒட்டினாரு கடைக்காரர். பாஸ்வேர்ட் கேட்டாரு. ஜாக் மாத்தறதுக்கு எதுக்கு சார் பாஸ்வேர்ட்னேன், டெஸ்ட் பண்ணணும்ல மேடம்னாரு, குடுத்துட்டேன். நான் கணக்கு எழுதற எட்டு பேரோட டாலி டேட்டா உள்ள இருக்கு. சார்ஜ் ஏறுதான்னு பாக்க விண்டோஸுக்குள்ளயே போகத் தேவையில்ல, பக்கவாட்டுல எரியற லைட் சொல்லிடும்னு இப்ப தெரியும்.

நாளைக்கு மறுநாள் வாங்கன்னாரு. போனா "மதர்போர்டு ஷார்ட் மேடம், மாத்தணும், பதினோராயிரத்து ஐநூறு". எனக்குக் கை கால் ஆடிப் போச்சு. குடுக்கறப்ப நல்லா ஓடிட்டிருந்த மெஷின், வயரைத் தூக்கிப் பிடிச்சா சார்ஜும் ஏறுது, அதெப்படி போர்டு போகும்? வேணாம் சார், ஜாக் மட்டும் மாத்துங்க, இல்லன்னா அப்படியே குடுங்கன்னு சொன்னதும் சரி பாக்கறோம்னாரு. அதுக்கப்புறம் தினமும் நாளைக்கு நாளைக்கு தான். ஸ்பேர் வரல, பையன் லீவு, கரண்ட் இல்ல. ஒன்பது நாள். கடைசியா 20ந்தேதி திங்கட்கிழமை மதியம் நேராப் போய் உக்காந்துட்டேன், நாலு பேருக்கு 3பி பாக்கி, ஒரு நாள் தள்ளினா ஆளுக்கு 50 ரூபா லேட் ஃபீ, கட்ட வேண்டிய வரிக்கு வருஷத்துக்கு 18 பர்சென்ட் கணக்குல வட்டி வேற, அது அவங்க காசு, நான் எப்படி அவங்க முகத்துல முழிப்பேன். இன்னிக்கு முடிக்காம எந்திரிக்க மாட்டேன்னுட்டேன்.

இங்க தான் அந்தப் பையனைப் பத்தி சொல்லணும். உள்ள ஒரு சின்ன டேபிள், அதுல இருபது இருபத்தொரு வயசுப் பையன். என் லேப்டாப்பை அப்ப தான் முதல் தடவையா அவன் கைல பாத்தேன், அதாவது ஒன்பது நாளா அதை யாரும் தொடவே இல்ல. பழைய ஜாக்கோட கால்ல ஒண்ணு விட்டுப் போயிருக்குன்னு லென்ஸ்ல காட்டினான். ஃப்ளக்ஸ்னு ஈயம் இளக உதவற பசை போட்டு பழைய ஈயத்தை எல்லாம் வழிச்சு எடுத்தான், ஒவ்வொரு ஓட்டையையும் துடைச்சு சுத்தம் பண்ணி, புது ஜாக்கை வெச்சு ஒவ்வொரு காலா ஒட்டினான். அவசரமே படல. என்னை டார்ச் பிடிக்கச் சொன்னான், "கையை ஆட்டாதீங்கக்கா". மல்டிமீட்டர் வெச்சு 19 வோல்ட் வருது பாருங்கக்கான்னு காட்டினான். பின்னை உள்ள விட்டு வெளிய எடுத்து, திரும்ப விட்டு, பத்து தடவையாவது செஞ்சு பாத்திருப்பான். "வயரை ஒரு பக்கமா இழுத்து வெச்சு யூஸ் பண்ணாதீங்கக்கா, ஜாக்கோட காலு தான் ஆடும்"னு சொல்லிக் குடுத்தான். மொத்தம் நாப்பது நிமிஷம் ஆகியிருந்தா அதிகம். அந்த ஜாக் இன்னிக்கு வரைக்கும் ஒரு தடவை கூட ஆடல, தினமும் ரெண்டு தடவை சொருகறேன், கழட்டறேன். இவ்ளோ நேர்த்தியான வேலையை நான் வேற எங்கயும் பாத்ததில்ல, இதை யார் கேட்டாலும் சொல்லுவேன்.

மூடறதுக்கு முன்னாடி அவனுக்கு வேற ஏதோ வேலை வந்து கூப்பிட்டாங்க. கடைக்காரரே வந்து உக்காந்தாரு. ஸ்க்ரூ எல்லாம் ஒரு டீ கப்புல மொத்தமாக் கிடந்தது. போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டு யார்கிட்டயோ பேசிட்டே ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டு முடுக்கினாரு. நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன். எது எந்த ஓட்டைக்குன்னு ஒரு தடவை கூட யோசிச்ச மாதிரி தெரியல. 1800 ரூபா வாங்கினாரு, பில் கேட்டதுக்கு சிஸ்டம் ஆஃப் பண்ணிட்டோம் மேடம்னாரு, மணி ஆறு தான் ஆகுது. எனக்கு 3பி அவசரம், ஓடி வந்துட்டேன். நாலும் அன்னிக்கு ராத்திரியே போட்டு முடிச்சேன், அது வேற விஷயம்.

மறுநாள் காலைல தான் கைல பட்டுது. டச்பேடுக்கு இடது பக்கம், முன் ஓரத்துல, உள்ளங்கை வைக்கற எடத்துல ஒரு மேடு. கடுகு சைஸ். நடுவுல பிளாஸ்டிக் லேசா வெளுத்துப் போயிருக்கு. நம்பர் பேட்ல டைப் பண்றவங்களுக்குத் தெரியும், வலது கை தான் ஓடிட்டே இருக்கும், இடது கை அசையாம ஒரே எடத்துல உக்காந்திருக்கும். அந்த ஒரே எடத்துல தான் இந்த மேடு. அன்னிக்கே திரும்ப எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். திருப்பிக் கூட பாக்கல அந்த ஆளு. விரலால ஒரு தடவை தடவிட்டு, "இது முன்னாடியே இருந்திருக்கும் மேடம், நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க"ன்னாரு.

இதைத் தான் என்னால தாங்க முடியல. ரெண்டரை வருஷமா தினமும் எட்டு மணி நேரம் கை வெச்சு வேலை செஞ்ச எடம் அது, என் கைக்குத் தெரியாதா? தெரியாம ஆயிடுச்சு மேடம், கழட்டிப் பாக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அதோட விட்டிருப்பேன், சத்தியமா. பையனைத் திரும்பிப் பாத்தேன், அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். குடுக்கறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ எதுவும் என்கிட்ட இல்ல, பில்லும் இல்ல. வந்துட்டேன்.

அதுல இருந்து பழகிடும் பழகிடும்னு எல்லாரும் சொன்னாங்க, பழகல. மாசக் கடைசில ஸ்டாக் என்ட்ரி போடறப்ப கையை எடுத்துப் பாத்தா ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். துணி ஒட்டிப் பாத்தேன், ஸ்டிக்கர் ஒட்டிப் பாத்தேன், எது ஒட்டினாலும் அதுக்குக் கீழ அது இருக்குன்னு கை கண்டுபிடிச்சிடுது. ஒவ்வொரு தடவையும் அந்தக் குரல் தான், முன்னாடியே இருந்திருக்கும் மேடம். கூடவே இன்னொரு தொந்தரவு, ஸ்க்ரீனைத் திறக்கறப்ப இடது கீல் பக்கம் க்ரிக்குனு ஒரு சத்தம், பின்னாடி பாட்டம் கவர் நகக்கண் அளவுக்கு விலகியிருக்கும். வயசாயிடுச்சு போலன்னு விட்டுட்டேன்.

போன மாசம் ஃபேன் இரைச்சல் தாங்காம, சென்னைல எலக்ட்ரானிக்ஸ் கடைங்க நெறஞ்ச ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். குரோம்பேட்டைல ட்ரெயின் பிடிச்சு கிண்டில மெட்ரோ மாறி கவர்ன்மென்ட் எஸ்டேட் ஸ்டேஷன்ல இறங்கி நடந்தா வந்துடும். அந்த சந்து கசகசன்னு இருக்கும், ஆளை இடிக்காம நடக்க முடியாது, ஏமாத்துவாங்கன்னு பேர் வேற, ஆனா நான் உக்காந்தது ஆறடிக்கு நாலடி எடம், ஒரு பெரியவர். கழட்டறதுக்கு முன்னாடியே ஒரு பேப்பர்ல லேப்டாப் படம் மாதிரி கட்டம் போட்டு, கழட்டற ஸ்க்ரூ ஒவ்வொண்ணையும் அது இருந்த எடத்துலயே அந்தப் பேப்பர்ல குத்தி வெச்சாரு. மூணாவது ஸ்க்ரூ எடுத்ததும் நிறுத்திட்டாரு. "இதுக்கு முன்னாடி யாராவது திறந்தாங்களாம்மா?"

பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினாரு. முன் ஓரத்துக்குக் குட்டி ஸ்க்ரூ தான் வரணுமாம், நீளமானது பின்னாடி கீல் பக்கத்துக்கு. மாத்திப் போட்டிருக்காங்க. நீளமானது முன்னாடி போய் ஸ்க்ரூ ஏறற பித்தளை மரையைத் தாண்டி மேல் பிளாஸ்டிக்கை உள்ளேர்ந்து குத்தி நிக்குது, அது தான் மேடு. குட்டியானது பின்னாடி போய் எதையும் பிடிக்காம சும்மா ஓட்டையில உக்காந்திருக்கு, அது தான் அந்த க்ரிக். ரெண்டே முக்கால் வருஷ வியாதிக்கு ரெண்டு நிமிஷத்துல காரணம் கிடைச்சுது. "இங்க பாரும்மா, இது தான் பேட்டரி ஓரம். கொஞ்சம் தள்ளியிருந்தா செல்லுல ஏறியிருக்கும்"னாரு. லித்தியம் பேட்டரில ஆணி இறங்கினா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல. ராத்திரி பெட்ல வெச்சு வேலை பாத்திருக்கேன், பக்கத்துல குழந்தை தூங்கிட்டிருக்கும்.

ஸ்க்ரூவை சரியான எடத்துல போட்டாரு, க்ரிக் போயிடுச்சு. மேடு போகல, பிளாஸ்டிக் வீங்கினது வீங்கினது தான், மேல் பேனல் முழுசா மாத்தினா தான் போகும், கீபோர்டோட சேர்த்து மூவாயிரத்து ஐநூறு ஆகும், வேணாம்னுட்டேன். ஃபேன் சுத்தம் பண்ணி, சூட்டைக் கடத்தற பேஸ்ட் மாத்தினதுக்கு 600 ரூபா, கேக்காமலே கையெழுத்துப் போட்ட பில்.

அந்த பில்லைப் பாத்தப்ப தான் உறைச்சுது. பில் தராம இருக்கறதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல முறையற்ற வணிகம்னு போட்டிருக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கூட கிடையாது. ஆனா பிரச்சனை நடந்ததுல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள குடுக்கணும், எனக்கு அது 2025 மார்ச்சோட முடிஞ்சுது. தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கேக்கலாம் தான், ஆனா கடைல குடுத்ததுக்கே ஒரு துண்டுச் சீட்டு இல்லாம எதை வெச்சு கேக்கறது. அதனால அக்காகிட்ட முதல்ல சொன்னது இது தான், எங்க குடுத்தாலும் நாலு பக்கமும், அடிப்பக்கமும் போட்டோ எடுத்துட்டு, எழுதி வாங்கிட்டு குடுங்க.

ரிச்சி ஸ்ட்ரீட்ல இருந்து வந்த மறுநாள் அந்தக் கடைக்குப் போனேன். காசு கேக்கப் போகல. ஸ்க்ரூ மாறியிருந்ததை அந்தப் பெரியவர் போட்டோ எடுக்கச் சொல்லியிருந்தாரு, அதைக் காட்டினேன். "மூணு வருஷத்துக்கு முன்னாடி பண்ண வேலைக்கு இப்ப வந்து கேக்கறீங்களே மேடம், நடுவுல எத்தனை பேர் திறந்தாங்களோ"ன்னாரு. அப்ப முன்னாடியே இருந்ததாம், இப்ப நடுவுல வந்ததாம், அவர் கைல மட்டும் எதுவுமே நடக்கல. எனக்குக் குரல் உயர்ந்துடுச்சு, கடைல இருந்தவங்க எல்லாரும் பாத்தாங்க, பாக்கட்டும்.

ஜாக் வேலைன்னு மட்டும் பாத்தா நம்ம ஏரியால அதை விட நல்ல வேலை நடக்காது, ரேட்டும் நியாயம் தான், இதை நான் மறைக்கல. ஆனாலும் அக்கா, அங்க குடுக்காதீங்க. அந்த டேபிள்ல இப்ப வேற யாரோ உக்காந்திருக்காங்க, அந்தப் பையன் போய் ஒரு வருஷம் ஆச்சாம். அவன் இப்ப எங்க வேலை செய்றான்னு யாருக்காவது தெரிஞ்சா எனக்குச் சொல்லுங்க, உங்க பையன் லேப்டாப்பை நானே எடுத்துட்டுப் போய் அவன்கிட்ட குடுக்கறேன், டார்ச்சும் நானே பிடிக்கறேன்.