புட்டிங் பிடி: வலக்கை கீழா, இடக்கை கீழா?

நாகர்கோவிலிலிருந்து ஞாயிற்றுக்கிழமை திருவனந்தபுரம் போய் கோல்ஃப் ஆடும் நண்பர்கள் இரண்டு பேர் ஒரே கேள்வி கேட்டார்கள்: மூன்றடி புட் (பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் தட்டு) தவறிக்கொண்டே இருக்கிறது, இடக்கையைக் கீழே வைத்துப் பிடிக்கலாமா? வலக்கை ஆட்டக்காரர்களுக்கு என் பதில் இது.

கிட்டத்துப் புட்: வலக்கை கீழே இருக்கும் வழக்கமான பிடியில் பதற்றம் வந்தால் வலது மணிக்கட்டு தானாகச் சுண்டிவிடும், புட்டரின் (புட் தட்டும் மட்டையின்) முகம் லேசாகத் திரும்பி, பந்து குழியின் இடது விளிம்பை உரசிக்கொண்டு போய்விடும்.
இடக்கை கீழே இருந்தால் இடது மணிக்கட்டு அவ்வளவு எளிதில் மடங்காது, தோள்களும் சமமாக நிற்கும். குழியே 108 மில்லிமீட்டர்தான், அந்தச் சின்னத் திருப்பம் போதும் தவறுவதற்கு!

தூரத்துப் புட்: இங்கே பழைய பிடிதான். முப்பதடிக்கு எவ்வளவு வேகம் என்று வலக்கைக்குத் தெரியும். புதுப் பிடியில் பந்து பாதியிலேயே நின்றுவிடும்.

செலவு: இரண்டுக்கும் ஒன்றுமில்லை.

பழக்கம்: புதுப் பிடி முதலில் கோணலாகத்தான் இருக்கும். வீட்டு ஹாலில் எவர்சில்வர் டம்ளரைச் சாய்த்து வைத்து தினம் ஐம்பது பந்து தட்டுங்கள், அப்புறம் கை தானே படியும். 2015 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியை வென்ற ஜோர்டான் ஸ்பீத் இடக்கையைக் கீழே வைத்துப் பிடிப்பவர்தான்.

மூன்றடி தவறுகிறதா, மாறிவிடுங்கள். தூரம்தான் சிக்கல் என்றால் பிடியைத் தொடாதீர்கள்.