பழைய வண்டியின் டிஸ்க் பிரேக்குக்குத் தருமபுரியில் ஒரு நல்ல பட்டறை

1983இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் இந்தியாவில் கொண்டுவந்த ராஜ்தூத் 350 மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தில் டிரம் பிரேக்தான் இருந்தது. அதன் மூலமான யமஹா ஆர்டி 350க்கு ஜப்பானில் டிஸ்க் பிரேக் உண்டு. ஆகவே ராஜ்தூத் வைத்திருப்பவர்களில் சிலர் வெளிநாட்டு ஆர்டியின் டிஸ்க்கைத் தேடிப் பிடித்துப் பொருத்திக்கொள்கிறார்கள். என் வண்டியிலும் அதுதான் இருக்கிறது. பிரேக் லிவரை அழுத்தியபடியே வைத்திருந்தால் அது மெல்ல ஹேண்டில்பார் வரை இறங்கியது. வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லை. லிவரின் அழுத்தத்தை ஆயில் வழியே சக்கரத்துக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் அழுத்தத்தைத் தாங்காமல் ஆயிலைப் பின்னால் விடுவதன் அடையாளம் இது. தொப்பூர் கணவாயில் இறங்கும் எவரும் இந்தக் கோளாறோடு வண்டியை எடுக்கவே கூடாது.

தருமபுரியில் சேலம் சாலையை ஒட்டிய இந்தச் சிறு பட்டறையை நான் மெச்சுவதற்குக் காரணம், புது வாஷர்கள் அடங்கிய ரிப்பேர் கிட்டைப் பிரிப்பதற்கு முன் அவர்கள் செய்யும் வேலைதான். பிஸ்டனை உள்ளே பிடித்துவைக்கும் சர்க்ளிப் வளையத்தைக் கழற்றிப் பிஸ்டனை வெளியே எடுத்ததும், மெக்கானிக் சிலிண்டரின் உட்சுவரைத் துடைத்து டார்ச் அடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். “உள்ள புள்ளி விழுந்திருந்தா புது வாஷரும் நிக்காதுங்கண்ணா” என்றார். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அந்த ஈரமே அலுமினியத்தை அரிக்கிறது. அதோடு, புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காத டாட் 3 ரக ஆயில், ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதித்துவிடக்கூடும் என்பதால், நீண்ட இறக்கத்தில் பிரேக் கைவிடும் அபாயமும் இருக்கிறது.

ஆயில் தொட்டியின் அடியில் இரண்டு துளைகள் உண்டு. அவற்றில் ஊசிமுனை அளவேயான சிறிய துளை அடைபட்டால், சூடேறி விரியும் ஆயில் தொட்டிக்குத் திரும்ப வழியின்றி, பேடுகள் டிஸ்க்கை விடாமல் பிடித்துக்கொள்ளும். கிட்டை மாற்றியும் பிரேக் சரியாகவில்லை என்று புலம்புவோர் பலருக்கு இந்தத் துளைதான் காரணமாக இருக்கும். இங்கே அதை மெல்லிய கம்பியால், துளை பெரிதாகாதபடி நீவி, காற்றடித்துச் சுத்தம் செய்தார்கள். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் ரப்பரை ஊதவைத்துவிடும் என்பதால் பாகங்களைப் புதிய பிரேக் ஆயிலிலேயே கழுவினார்கள். வாஷரின் விளிம்பு ஸ்பிரிங் பக்கம் பார்த்திருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்த பிறகே பிஸ்டனை உள்ளே விட்டார்கள். ஏர் எடுக்கும்போது, அதாவது ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது, ஹேண்டில்பாரைத் திருப்பி, மாஸ்டர் சிலிண்டரை உயரத்தில் நிறுத்தி, ஆயில் குழாயை இணைக்கும் ஹோஸ் போல்ட்டின் அருகே தங்கும் குமிழ்கள் மேலேறும்வரை பொறுமையாகக் காத்திருந்ததும் எனக்குப் பிடித்தது.

குறைகளும் உண்டு. பிரேக் ஆயில் பெயின்டை உரித்துவிடும் என்று தெரிந்தும் பெட்ரோல் டாங்கின் மேல் துணி போடவில்லை. நான் கேட்ட பிறகே போர்த்தினார்கள். ஹோஸ் போல்ட்டுக்குப் புது காப்பர் வாஷரும் கேட்டால்தான் கிடைக்கும். கூலி நியாயமானதுதான் என்றாலும் அதை முன்கூட்டியே சொல்வதில்லை.

பழைய வண்டிக்கான கிட் அவர்களிடம் இருப்பில் இருக்காது, பெங்களூரு ஜே.சி. ரோட்டிலோ வேறெங்கோ நாமே வாங்கி வர வேண்டும். வாங்குமுன் பழைய பிஸ்டனின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். சிலிண்டரில் அரிப்பு ஆழமாக இருந்தால் லேத்தில் கொடுத்து உள்ளே ஸ்டீல் ஸ்லீவ் (உறை) போட்டுத்தான் திருப்பித் தருவார்கள் என்பதால், அன்றே வண்டியோடு திரும்பலாம் என்ற எண்ணத்தில் போக வேண்டாம்.